மூன்று இடத்தில் ஒட்டிய படம்

சிஸ்டரின் விரல் ஒரு பிளாஸ்டிக் உறைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. நரம்பில் ஏற்றும் டிரிப்ஸ் செட் வருகிற உறை அது. அதற்குள் என் போன். போனில் பழுப்பேறிய கிராம வரைபடம் ஒன்று, அதன் மேல் ஒரு நீலப் புள்ளி. எங்கள் இருவருக்கும் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வயல் எது, வரப்பு எது, பாதை எது, வாய்க்கால் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே கலங்கல். என் தோளில் ஆக்சிஜன் சிலிண்டர். "புள்ளி கோட்டு மேலதான் இருக்கு அண்ணே. ஆனா தண்ணி காலை இழுக்குது," என்றார் சிஸ்டர். அதற்கு நான் சொன்ன பதில் ஒற்றை வரிதான். மூன்று வருஷமாகியும் அந்த வரி என்னை விடவில்லை. அதைச் சொல்வதற்கு முன், நாங்கள் எப்படி அங்கே போய் நின்றோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் ஒரு சின்ன அறக்கட்டளையில் நான் அப்போது வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். சிவில் டிப்ளமோ படித்து, சென்னையில் கட்டட மேற்பார்வை பார்த்து, அங்கே வேலை நின்றுபோனதும் தென்காசிக்குத் திரும்பியவன். ஓட்டுநர் வேலை என் படிப்புக்குக் குறைச்சல் என்ற நினைப்பு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருக்கும். அதனால் வண்டி ஓட்டுவதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் எங்கள் குழுவின் நர்ஸ். செங்கோட்டைக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர், வாயைத் திறந்தால் பாதி கேலி. 'எஞ்சினியர் அண்ணே' என்றுதான் என்னைக் கூப்பிடுவார். ஆனால் வேலையில் கேலி கிடையாது. ஊசி மருந்தை எடுத்தால் லேபிளை வாய்விட்டு வாசிப்பார். பிறகு அதை என்னிடம் நீட்டி, "நீங்களும் வாசிங்க" என்பார். எனக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும் என்றால், "மருந்து தெரியாண்டாம். எழுத்து தெரியும்லா?" என்பார். ஒவ்வொரு வீட்டிலும் இந்தச் சடங்கு நடக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

எங்கள் வேலையில் பாதி, வீட்டைக் கண்டுபிடிப்பது. கடையம் பக்கமும் ஆய்க்குடி பக்கமும் ஊருக்குள் இருக்கும் வீடுகளில் சிக்கல் இல்லை. வயலுக்குள் தனியாக நிற்கும் வீடுகள்தான் உயிரை வாங்கும். போனில் எல்லாரும் பார்க்கிற மேப்பைக் கேட்டால், அது ரோட்டைத் தாண்டி ஒன்றும் அறியாது. ஏதாவது உடைமரக் கூட்டத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டதாக அறிவித்துவிடும். அப்படி ஒருநாள் முள்ளுக்குள் நின்று தலையில் அடித்துக்கொண்ட பிறகுதான் வேறொரு செயலியைத் தேடிப் பிடித்தேன். நம்மிடம் இருக்கிற எந்தப் படத்தையும் அதில் மேப்பாக ஏற்றலாம். தாளில் உள்ள இந்த இடம் தரையில் இன்ன இடம் என்று மூன்று இடங்களை மட்டும் அதற்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். முழுத் தாளையும் அது ஊரின் மேல் விரித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு நாம் நடக்க நடக்க, நம் தாளின் மேல் நீலப் புள்ளி நடந்து வரும். சிக்னல் கோபுரம் இல்லாத இடத்திலும் வரும்.

தென்காசிக்குக் கிழக்கே சிற்றாற்றுப் பாசனத்தில் உள்ள ஓர் ஊருக்கு முதலில் செய்தேன். கிராம நிர்வாக அலுவலகத்தில் மேஜையளவுக்கு விரிகிற பழைய வரைபடம் இருந்தது. கிணற்றுக்கு வட்டம், கோவிலுக்கு ஒரு குறி, மாட்டுவண்டிப் பாதைக்கு இரட்டைக் கோடு. நான்கு துண்டாகப் படமெடுத்து, ஒட்டி, போனில் ஏற்றினேன். காட்டிக் கொடுக்க வேண்டிய மூன்று இடங்களில் குளத்து மடை ஒன்று. பள்ளிக்கூடத்துக் கிணறு ஒன்று. மூன்றாவதாக, ரோட்டோரச் சுடலைமாடன் பீடத்தைத் தேர்ந்தெடுத்தேன். பீடத்தின் பெயிண்ட் மட்டும் புதிதாக இருந்ததால் ஒரு சின்னச் சந்தேகம். பக்கத்து டீக்கடையில் இருந்தவரிடம், "இது ரொம்ப காலமா இங்கனதான் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க பாட்டன் காலத்துலேந்து இருக்காரு. அவரு எங்கன போவாரு?" என்றார். கூட இருந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பீடத்தின் முன் நின்று மூன்றாவது இடத்தையும் பதிந்துகொண்டேன்.

மூன்று இடம் கொடுத்தால் படம் எப்படியும் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். கொடுத்தது தப்பாக இருந்தாலும் உட்காரும். நாலாவதாக ஓர் இடத்துக்குப் போய் நின்று, புள்ளி அங்கே சரியாக விழுகிறதா என்று பார்த்தால்தான் தப்புத் தெரியும். சிவில் படித்தவனுக்கு இது பாலபாடம். தாளில் நாலாவதாக ஒரு சர்வே கல்லும் இருந்தது. ஆனால் அது உடைமுள்ளுக்குள் கிடந்தது. உச்சி வெயில், எனக்குப் பசி. திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் அலுவலகத்தில் எல்லாருக்கும் காட்டினேன். தாளின் மேல் புள்ளி நகர்வதைப் பார்த்து மற்ற இரண்டு டிரைவர்களும் வாயைப் பிளந்தார்கள். அலுவலகத்தின் வாட்ஸப் குழுவில் போட்டேன். ஆளாளுக்கு இறக்கி வைத்துக்கொண்டார்கள். சிஸ்டர் மட்டும் போனை வாங்கி இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்துவிட்டு, "வேற ஒரு இடத்துல போய் வச்சுப் பாத்தீங்களா அண்ணே?" என்றார். மருந்து லேபிளைத் தாண்டி என் தொழிலுக்கும் வந்துவிட்டாரே என்று எனக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் பாத்தாச்சு," என்றேன்.

அந்த ஊரில் எங்களுக்கு ஒரு நோயாளி இருந்தார். புளியங்குடி எலுமிச்சை மண்டியில் காலமெல்லாம் மூட்டை தூக்கியவர். நுரையீரல் கெட்டு, மனைவியின் ஊரில் வயலுக்குள் இருந்த வீட்டில் கிடந்தார். நாங்கள் அவரைப் புளியங்குடிக்காரர் என்போம். கரண்டில் ஓடுகிற ஆக்சிஜன் மெஷின்தான் அவருக்கு மூச்சு. கரண்டு போனால் பயன்படுத்த ஒரு சிலிண்டர் வைத்திருந்தோம். ரோட்டிலிருந்து இறங்கி ஒரு தரைப்பாலம் தாண்டினால் அவர் வீடு. எப்போதும் அந்த வழியாகத்தான் போவோம். அதனால் வீட்டுக்குப் பின்பக்கம் குளத்திலிருந்து வாய்க்காலை ஒட்டி வருகிற வண்டிப்பாதையில் என் படம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற தேவையே வரவில்லை.

ஒரு ஐப்பசி மழையில் தேவை வந்தது. முந்தின நாளிலிருந்தே விடாத மழை. குற்றாலத்தில் மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழுவதாகக் காலையிலேயே எல்லாருடைய போனிலும் வீடியோ வந்துவிட்டது. அங்கே ஆர்ச் மறைந்தால் கீழே எங்கெங்கே என்னவாகும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதியம் புளியங்குடிக்காரரின் மனைவி கூப்பிட்டார். விடியற்காலையிலேயே கரண்டு போய்விட்டதாம். சிலிண்டரில் முள் சிவப்புக்கு வந்துவிட்டதாம். "சீக்கிரம் வாங்கம்மா, இவரு ஒரு மாதிரி முழிக்காரு" என்று அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் செத்துவிட்டது. சிஸ்டர் மணியைப் பார்த்தார். "ஒரு மணி நேரம். மிஞ்சிப்போனா ஒண்ணேகால்," என்றார். அலுவலகத்தில் இருந்த சின்ன சிலிண்டரை வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். தரைப்பாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார். சிஸ்டர் கெஞ்சினார், சத்தம் போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. நான் போனை எடுத்துக் காட்டினேன். "பின்னால வண்டிப்பாதை இருக்கு சிஸ்டர். குளத்தங்கரையில வண்டியை விட்டுட்டு நடந்துரலாம். எங்க தண்ணி நின்னாலும் நம்ம படத்துல பாதை தெரியும்." அந்த நேரத்திலும், சொன்னபோது எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. அதை இன்று ஒத்துக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

குளத்தங்கரையில் இறங்கியபோது கால்மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது. நான் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். சிஸ்டர் போனை உறைக்குள் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் வேலியில் பிடுங்கிய கம்போடு முன்னால் நடந்தார். முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. புள்ளி கோட்டின் மேலேயே போயிற்று. தண்ணீருக்குள் காலடியில் கெட்டியாகச் சரளைக்கல் தட்டியது. "எஞ்சினியர் அண்ணே, பரவால்ல, படம் பேசுதே" என்றுகூடச் சொன்னார். பாதி தூரம் தாண்டியதும் கல் போய்ச் சேறு வந்தது. புள்ளி அப்போதும் கோட்டின் மேல்தான். நான் சேற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் இரண்டு முறை நின்று திரும்பிப் பார்த்தார். மூன்றாவது முறை நின்றபோதுதான் தண்ணீர் காலை இழுக்கிறது என்றார். வயலில் நிற்கிற தண்ணீர் இழுக்காது. எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தோளில் கனம், கண்ணில் மழை, கையில் மிஞ்சியிருந்தது அரைமணி நேரம். எல்லாவற்றுக்கும் மேலாக அது நான் செய்த படம். "கோட்டு மேல இருந்தா பாதைதான். நடங்க சிஸ்டர்," என்றேன்.

அவர் நடந்தார். ஓர் அடிதான் வைத்தார். அடுத்த கணம் அவர் இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது.

எத்தனை நேரம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாலு கஜம் தள்ளித் தலை தெரிந்தது. போன் பிடித்த கை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. நான் சிலிண்டரை உதறப் போனேன். மூச்சு முட்ட அவர் கத்தியது இதுதான்: "சிலிண்டரக் கீழ போட்றாதீங்க!" வாய்க்காலோரம் நின்ற தாழம்புதர் அவரைத் தடுத்தது. வெறுங்கையால் அதைப் பற்றிக்கொண்டு தொங்கினார். நான் சிலிண்டரைப் புதருக்குள் செருகிவிட்டு, புதர் நின்ற மேட்டில் குப்புறப் படுத்து அவர் கையைப் பிடித்து இழுத்தேன். மேலே வந்து உட்கார்ந்தபோது உள்ளங்கை முழுக்கத் தாழை முள் கிழித்து ரத்தம். நான் என்னவோ உளறினேன். "சாரமில்ல, சாரமில்ல" என்றார். செங்கோட்டைப் பக்கம் பரவாயில்லை என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். பிறகு, அதே கையால் போனைத் துடைத்து, படத்தைப் பார்த்தார். நான் பார்த்திருக்க வேண்டியதை அவர் பார்த்தார். "அண்ணே, நாம இப்ப இருக்கது வாய்க்கால்தான? படத்துல பாதை வாய்க்காலுக்கு வடக்கதான ஓடுது? அப்ப படம் சரிதான். புள்ளிதான் தப்பு." அதன் பிறகு புள்ளியைப் பார்க்கவில்லை. வாய்க்காலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு, தாழையில் சிக்கிக் கிடந்த கம்பை எடுத்து வடக்கே குத்திக் குத்திப் போனார். பத்துப் பன்னிரண்டு அடியில் கல் தட்டியது. நான் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மீட்டர் முள் அடியில் படுத்திருந்தது. புளியங்குடிக்காரரின் உதடு நீலம் பாரித்திருந்தது. மனைவி அவரை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்தபடி, அழக்கூட நேரமில்லாமல் விசிறிக்கொண்டிருந்தார். சிஸ்டர் ரத்தக் கையோடு குழாயை மாற்றினார். மாற்றும்போதும் வழக்கம் விடவில்லை. "முள்ளு எங்க நிக்கி, நீங்க வாசிங்க அண்ணே" என்றார். வாசித்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் புளியங்குடிக்காரர் உதட்டில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். "நனைஞ்சிட்டியளே," என்றார். சிஸ்டர் சிரித்துவிட்டார்.

மழை விட்டு, திரும்புகிற வழியில் சிஸ்டர் கேட்டார், "புள்ளி ஏன் அண்ணே தப்பாப் போச்சு?" கோபமில்லாத குரல். மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நாலாவது இடத்தில் வைத்துப் பார்க்கவில்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். என் நாக்கு வேறு சொல்லிற்று. "மேகம் அடைச்சுக் கிடந்தா சாட்டிலைட் சிக்னல் தப்பும் சிஸ்டர்." அவர் தலையாட்டினார். அன்றைய அறிக்கையிலும் அப்படியே எழுதினார்: மேகமூட்டத்தின்போது இந்தப் படத்தை நம்ப வேண்டாம். அலுவலகத்தில் எல்லாருக்கும் அது விதியாகிவிட்டது. என் பொய்க்கு அவருடைய நல்ல பெயரே சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டது.

உண்மை, சில மாதத்திலேயே அந்த ஊர்ச் சுடலைக்குக் கொடை நடந்தபோது தெரிந்தது. கொடை என்பது சாமிக்கு ஊர்கூடி எடுக்கிற விழா. எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். டீக்கடையில் அன்று பதில் சொன்ன அதே அண்ணாச்சி, ரோட்டை அகலப்படுத்தியபோது பீடத்தை எப்படித் தெற்கே தள்ளிக் கொண்டுவந்தோம், பழைய இடத்து மண்ணில் ஒரு பிடியைப் பிடிமண்ணாக எடுத்து மேளதாளத்தோடு எப்படிப் புதிய இடத்தில் வைத்தோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "அன்னைக்கு நான் கேட்டப்ப இதைச் சொல்லலியே அண்ணாச்சி?" என்றேன். "பிடிமண் எடுத்து வச்சாச்சுன்னா அவரு இங்கனதான் இருக்காரு தம்பி. வேற எடத்துல இருந்தாருன்னு சொல்லப்பிடாது," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சாமி இருக்கிற இடத்தைச் சொன்னார். கல் நகர்ந்ததா என்று பார்க்க வேண்டியவன் நான். இந்த ஊர்ப்பக்கம் பிறந்து வளர்ந்தவன், பிடிமண் தெரியாதவனும் இல்லை. தாளில் இருந்த பழைய பீடத்தைத் தரையில் இருந்த புதுப் பீடத்தோடு கொண்டுபோய் ஒட்டியிருக்கிறேன். குளத்துப் பக்கம் படம் சரியாக இருந்தது. ரோட்டை நெருங்க நெருங்கப் பாதை தெற்கே சரிந்து வாய்க்காலுக்குள் இறங்கியிருந்தது.

மறுநாளே போய் அந்தச் சர்வே கல்லைத் தேடிப் பிடித்து, என் போனில் இருந்த படத்தைச் சரிசெய்தேன். என் போனில் மட்டும். குழுவில் எழுதலாம் என்று இரண்டு தடவை தட்டச்சு செய்து இரண்டு தடவையும் அழித்தேன். எழுதினால் மேகக் கதை பொய்யாகிவிடும். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஒரு வருஷத்தில் சிஸ்டருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. புளியங்குடிக்காரர் ஒரு மாசி மாதம், வானம் வெளுத்திருந்த ஒரு பகலில், மனைவி பக்கத்தில் இருக்கத் தூக்கத்திலேயே போனார். நானும் அந்த வேலையை விட்டு, தென்காசியில் வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுக்கும் ஓர் அலுவலகத்துக்கு வந்துவிட்டேன்.

இந்த வருஷ மழையில் மறுபடி ஆர்ச் மறைந்தது. வீடியோ மஸ்கட் வரைக்கும் போயிருக்கிறது. மறுநாள் காலை சிஸ்டர் கூப்பிட்டார். வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. ஊர் நிலவரம் கேட்டார், என் பிள்ளைகளைக் கேட்டார், கை வடு இன்னும் இருக்கிறது என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பீடம், முள்ளுக்குள் கிடந்த கல், பாத்தாச்சு என்றது, மேகம் என்றது. மூன்று வருஷப் பாரம். சொல்லி முடித்ததும் அவர் என்னைத் திட்டுவார், அல்லது ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். இரண்டும் இல்லை. "உங்க போன்ல சரி பண்ணிட்டீங்க. மத்தவங்க போன்ல இருக்கது?" என்றார்.

என் மனசை இறக்கி வைப்பதிலேயே குறியாக இருந்தவனுக்கு, அந்தப் படம் இன்னும் யார் யார் கையிலோ நடந்துகொண்டிருக்கிறது என்பது அந்த நிமிஷம் வரை உறைக்கவே இல்லை. "போனை வைங்க அண்ணே. மொதல்ல அவங்களக் கூப்பிடுங்க," என்றார் சிஸ்டர். அலுவலகத்துக்கு அடித்தேன். எனக்குப் பிறகு வண்டி ஓட்ட வந்தவன், புது நர்ஸோடு காலையிலேயே கிளம்பிவிட்டான் என்றார்கள். எங்கே என்று கேட்டேன். அந்த ஊர்தான், அங்கே வேறொரு நோயாளி. தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடுவதால் குளத்தங்கரை வழியாகப் போவதாகச் சொன்னானாம்.

முதல் தடவை மணி அடித்து நின்றது. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தான். பின்னணியில் தண்ணீர்ச் சத்தம்.

"ஏலே, எங்கன நிக்கே?"

"வாய்க்காப் பக்கம் அண்ணாச்சி. பாதையில தண்ணி நிக்கி. உங்க படத்தை வச்சுத்தான் போறோம்."

"நில்லு. ஒரு அடி எடுத்து வைக்காத. அந்தம்மாவையும் நிக்கச் சொல்லு."

"அய்யே, பயப்படாதீங்க அண்ணாச்சி. வானத்துல பொட்டு மேகம் கிடையாது. சிக்னல் முழுசா இருக்கு. புள்ளி கோட்டு மேலதான் நிக்கி."

"மேகம்லாம் பொய்லே. நான் சொன்ன பொய். படத்தை ஒட்டுனதே தப்பு, ஒட்டுனது நான். நீ இப்ப வாய்க்கா விளிம்புல நிக்கே. வடக்க திரும்பிக் கம்பால குத்து."

அவன் நர்ஸிடம் என்னவோ சொல்வது கேட்டது. கம்பு தண்ணீரில் இறங்குகிற சத்தம் கேட்டது, மறுபடி ஒருமுறை, மறுபடி ஒருமுறை. நான் என் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "கல்லு தட்டுது," என்றான் கடைசியில். "ஏறிட்டோம் அண்ணாச்சி, ரெண்டு பேரும்."

எனக்கு மூச்சு வந்தது. அவன் உடனே போனை வைக்கவில்லை.

"இது உங்களுக்கு எப்ப அண்ணாச்சி தெரியும்?"

"மூணு வருசமாத் தெரியும்," என்றேன்.